இழையைப் பார்த்து மருந்து தெளிக்கவும்

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஏர்பேட்டில் எங்கள் தெருவில் ஒரு நிச்சயதார்த்தம். பெண்ணின் தாயார் தம் மாமனார் காலத்து ஏலூர்க் கம்பளி விரிப்பைக் கூடத்தில் விரிக்க ஆசைப்பட்டார். சிவப்புக் கரை, நடுவில் சந்தன நிறம். பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய நெசவாளர்கள் ஏலூரில் வளர்த்த கைத்தொழில் அது. பல வருடத் தூசி படிந்திருந்ததால், கார்ப்பெட் சுத்தம் செய்யும் வேலையைப் புதிதாகத் தொடங்கியிருந்த நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பையன் ஒருவனை அழைத்தார்கள்.

அவன் மருந்தைத் தெளித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தான். அதற்குள் சிவப்புக் கரை சந்தன நிறத்தில் இறங்கி ஓடிவிட்டது. அந்த அம்மையார் கண் கலங்க, "அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்கள்" என்று என்னைக் கூப்பிட்டார். பையனோ, "சார், எல்லா இடத்திலும் இதே மருந்தைத்தான் போடுகிறேன். இதுவரை ஒரு குறையும் வந்ததில்லை" என்று கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான். கேனை வாங்கிப் பார்த்தேன். சமையலறைப் புகைப்போக்கியில் படியும் எண்ணெய்ப் பிசுக்குக்கான மருந்து அது. என்னிடமிருந்த பி.எச். தாளை அதில் நனைத்ததும் 12-க்கான நிறம் வந்தது. கம்பளிக்கு அது விஷம்.

பையன் அரை மாதச் சம்பாத்தியத்தை நஷ்டஈடாகக் கொடுத்தான். விரிப்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அவன் சோம்பேறியும் அல்ல, ஏமாற்றுக்காரனும் அல்ல. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ரயில்வேயில் பெட்டிப் பராமரிப்புப் பிரிவில் காலம் கழித்தவன் என்ற முறையில் நான் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். இத்தொழிலில் இறங்கும் நம் பிள்ளைகளுக்கும், ஆளை வைத்துச் சுத்தம் செய்யும் குடும்பங்களுக்கும், வீடு முழுவதும் கார்ப்பெட் ஒட்டிய லண்டன், டொராண்டோ வீடுகளில் வாழும் நம் உறவினர்களுக்கும் இது பயன்படும்.

முன்தெளிப்பு எதற்கு?

துணியைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்த பிறகுதானே துவைக்கிறோம்? கார்ப்பெட்டை வாளியில் ஊறவைக்க முடியாது. அதனால் ஒரு கரைசலை அதன் மேல் தெளித்து, அழுக்கு இழையை விட்டு இளகும்வரை காத்திருந்து, பிறகு இயந்திரத்தால் வெந்நீர் பாய்ச்சி உறிஞ்சி எடுக்கிறார்கள். முதலில் தெளிக்கும் இந்தக் கரைசலைத் தொழிலில் 'பிரீ ஸ்பிரே' என்பார்கள்.

இதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கார்ப்பெட்டில் உள்ள அழுக்கில் பெரும்பங்கு உலர்ந்த மண்ணும் தூசியும்தான். வேக்குவம் கிளீனரால் நிதானமாக இரண்டு மூன்று முறை இழுத்தால் அது வந்துவிடும். நம் பக்கத்துச் செம்மண்ணை வெளியே எடுக்காமல் மருந்து தெளித்தால், அது சேறாகி அடிவரை இறங்கிவிடும். பிறகு எந்த விலை உயர்ந்த மருந்தாலும் பயனில்லை.

நான்கு கை வண்டி

ஹெர்பர்ட் ஸின்னர் என்ற ஜெர்மானிய நிபுணர் 1959-ல் ஒரு கணக்குச் சொன்னார். சுத்தம் செய்வது நான்கு விஷயங்களின் கூட்டு வேலை: மருந்தின் வலிமை, தேய்ப்பு, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்டி ஈடுகட்டலாம். ஒரு வண்டியை நான்கு பேர் தள்ளுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நான்கில் நேரத்துக்கு விலை கிடையாது. அவசரக்காரர்கள்தான் நேரத்தைக் குறைத்து மருந்தின் வலிமையைக் கூட்டுகிறார்கள். மிதமான மருந்தைத் தெளித்து, மென்மையான பிரஷ்ஷால் பரவலாகத் தேய்த்து, 10 முதல் 15 நிமிடம் காத்திருந்தால் பெரும்பாலான வீட்டுக் கார்ப்பெட்டுகளுக்கு அதுவே போதும். ஆனால் தெளித்த மருந்து காய்ந்துவிடக் கூடாது. வெயில் காலத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பகுதி பகுதியாகத் தெளிப்பது நல்லது.

இழை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பி.எச். அளவுகோல் 0 முதல் 14 வரை செல்வது. 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வித்தியாசம். ஆகவே 9-க்கும் 12-க்கும் இடையே இருப்பது மூன்று மடங்கு அல்ல, ஆயிரம் மடங்கு. இதைப் பலர் கவனிப்பதில்லை.

கம்பளி நம் தலைமுடியைப் போன்ற புரதம். அதற்குச் சாயம் ஏற்றுவதும் பெரும்பாலும் அமிலக் கரைசலில்தான். காரம் பட்டால் சாயம் பிடி தளர்ந்து ஓடும், இழையும் நலியும். கம்பளிக்குத் தெளிக்கும் கரைசல் நடுநிலையை ஒட்டி, 8.5-ஐத் தாண்டாமல் இருக்க வேண்டும். கம்பளிக்கு ஏற்றது என்று சோதித்த மருந்துகளுக்கு 'ஊல்சேஃப்' என்ற முத்திரை உண்டு. அது இருந்தால் நம்பி வாங்கலாம்.

கறை தடுப்பு மருந்தேற்றிய நைலானுக்கு 10-க்குள் இருப்பது பாதுகாப்பு. பாலிப்ராப்பிலீன் காரத்தைத் தாங்கும். ஆனால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். 'ஆர்ட் சில்க்' என்று விற்கும் விஸ்கோஸ் விரிப்பு பட்டுப்போல மின்னினாலும் நனைந்தால் வலுவிழந்து மஞ்சளித்துவிடும். அதற்குத் தண்ணீர் வேலையே கூடாது.

இழையைக் கண்டுபிடிக்கத் தீப்பெட்டி போதும். ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளைப் பிடுங்கி, வாசலில் ஒரு தட்டின் மேல் இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனையும் விரலில் நொறுங்கும் கரியும் வந்தால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாசனை வந்தால் பருத்தி, சணல் அல்லது விஸ்கோஸ். உருகி உருண்டையாக இறுகினால் நைலான், பாலியஸ்டர் போன்ற செயற்கை இழை. உருகும்போது மெழுகுவத்தி வாசனை வந்து, எரியாத இழை தண்ணீரில் மிதந்தால் பாலிப்ராப்பிலீன்.

அழுக்குக்கு ஏற்ற மருந்து

இழை தெரிந்த பிறகுதான் அழுக்கைப் பார்க்க வேண்டும். கடையில் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை சாதாரண டிடர்ஜெண்ட் கரைசல். நடைபாதை அழுக்குக்கு இதுவே போதும். இரண்டாவது, ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய் போன்ற கரைப்பான் சேர்ந்தது. ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்து எண்ணெய்ப் பிசுக்குக்கு ஏற்றது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பயன்படுத்த வேண்டும். மூன்றாவது என்சைம் வகை. பால், முட்டை, சோறு, குழந்தைகளின் வாந்தி ஆகியவற்றை இது செரித்துவிடும். வெதுவெதுப்பான நீரில்தான் வேலை செய்யும், கொதிநீரில் செத்துவிடும். புரதத்தைச் செரிக்கும் என்சைம் கம்பளியையும் செரிக்கும் என்பதால் கம்பளிக்கு ஆகாது. நான்காவது, ஆக்சிஜன் வெளியிடும் பவுடர் சேர்ந்தது. செயற்கை இழையில் உள்ள காப்பி, டீக் கறைக்கு நல்லது. இதுவும் கம்பளிக்கு வேண்டாம்.

நம் வீடுகளுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு, அது மஞ்சள். வெள்ளைச் சட்டையில் பட்ட சாம்பார்க் கறை சோப்புப் போட்டதும் சிவப்பாவதை எல்லாத் தாய்மார்களும் பார்த்திருப்பார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவப்பாகும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்குமம் ஆவதும் இதனால்தான். கார்ப்பெட்டில் சாம்பார் சிந்திய இடத்தில் காரமான மருந்தைத் தெளித்தால் மஞ்சள் கறை செங்கறையாகி, வீட்டுக்காரர் பதறிப்போவார். முதலில் நடுநிலை டிடர்ஜெண்டால் எண்ணெயை எடுங்கள். மீதமுள்ள மஞ்சள் வெயில் வெளிச்சத்தில் நாளடைவில் வெளுக்கும்.

தண்ணீரையும் கணக்கில் எடுங்கள்

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நீராவி எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. உப்புத் தண்ணீரை ஊற்றினால் பாய்லர் குழாய்களில் காறை படியும் என்று பெரியவர்கள் எச்சரிப்பார்கள். இங்கே போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் படியும் வெள்ளைப் படிவும் அதே குடும்பம்தான். அந்தக் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைத் தின்றுவிடும். நுரை வரவில்லையே என்று இன்னும் மருந்தைக் கூட்டுவோம். கூட்டிய மருந்து இழையில் தங்கிப் பிசுபிசுக்கும். பத்தே நாளில் கார்ப்பெட் முன்னைவிட மோசமாக அழுக்கேறும். குற்றம் மருந்தின் மேல் விழும்.

ஆகவே மருந்தைக் கலக்க மென்நீர் அல்லது வடிகட்டிய நீர் பயன்படுத்துங்கள். ஐந்து லிட்டர் தெளிப்பானுக்கு அது பெரிய செலவில்லை. கடின நீருக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட மருந்தாக இருந்தால் இன்னும் நல்லது.

கேன் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

விலையைக் கேனுக்கு அல்ல, கலந்த லிட்டருக்குக் கணக்கிட வேண்டும். உதாரணமாக, ஐந்து லிட்டர் கேன் 1,000 ரூபாய், ஒன்றுக்கு எட்டுப் பங்கு தண்ணீர் என்றால் 45 லிட்டர் கரைசல் கிடைக்கும். லிட்டருக்கு 22 ரூபாய் ஆகிறது. இன்னொரு கேன் 2,000 ரூபாய், ஒன்றுக்கு 32 பங்கு தண்ணீர் என்றால் 165 லிட்டர் கிடைக்கும். லிட்டருக்கு 12 ரூபாய்தான். விலை கூடிய கேனே சிக்கனம்.

அளவுக் குவளை இல்லாமல் கைக்கணக்கில் ஊற்றக் கூடாது. ஒன்றுக்கு 32 என்ற கலவைக்கு, ஐந்து லிட்டர் தெளிப்பானில் ஏறக்குறைய 150 மில்லிலிட்டர் மருந்து போதும். பி.எச். அளவையும் கலந்த கரைசலில்தான் பார்க்க வேண்டும். கேனில் இருக்கும் அளவு வேறு, தெளிக்கும் அளவு வேறு. வாங்கும்போதே பாதுகாப்புத் தகவல் தாளைக் கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

தெளிக்கும் முன்னும் பின்னும்

கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒவ்வொரு நிறத்தின் மேலும் சில துளிகள் விட்டு, பத்து நிமிடம் கழித்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த மருந்தை அத்துடன் நிறுத்திவிடுங்கள். நனைத்துத் தோய்க்காமல், இழையின் மேல்பகுதி ஈரமாகும் அளவுக்கு மட்டும் தெளியுங்கள். அடியில் உள்ள பருத்தியும் சணலும் மிகுதியாக நனைந்தால் பழுப்பு நிறம் மேலே ஏறும், வாடையும் வரும்.

கடைசியில் நன்றாக அலசி உறிஞ்ச வேண்டும். கார மருந்து போட்டிருந்தால், எலுமிச்சை அமிலம் போன்ற மிதமான அமிலம் சேர்ந்த அலசல் நீர் அதைச் சமன் செய்யும். தவழும் குழந்தை அந்தக் கார்ப்பெட்டில் கையை வைத்து வாயில் வைக்கும் என்பதை மறக்கக் கூடாது. பிளீச்சிங் கரைசல் கம்பளியைக் கரைத்தே விடும். அதை அமிலத்தோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இரண்டு மருந்துகளை ஒருபோதும் சேர்த்துக் கலக்காதீர்கள்.

அந்தத் தம்பி தொழிலை விட்டுவிடுவதாகத்தான் சொன்னான். நாலு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்த்தி இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவன் பையில் தீப்பெட்டி, பி.எச். தாள், வெள்ளைத் துணி, அளவுக் குவளை நான்கும் இருக்கின்றன. இழை தெரியாத விரிப்பை, "மன்னிக்க வேண்டும் அம்மா, இது என்னால் ஆகாது" என்று திருப்பிக் கொடுக்கவும் கற்றுக்கொண்டான். அந்த அம்மையாரும் தை மாதக் கல்யாணத்துக்கு முன் வீட்டு நைலான் கார்ப்பெட்டைச் சுத்தம் செய்ய அவனையே மறுபடி அழைத்தார்.

உங்கள் வீட்டுக்கு ஆள் வந்தால், "தம்பி, இது என்ன இழை?" என்று முதலில் கேளுங்கள். பதில் வந்த பிறகு மருந்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஐயம் இருந்தால் சங்கக் கூட்டத்தில் என்னைக் கேட்கலாம்.