ஆதிமந்தியும் மகதலா மரியாவும்: விவிலியப் பெண் மாந்தரின் மறுபுனைவும் தமிழ் மரபும்

திறவுச்சொற்கள்: விவிலியம், மறுபுனைவு, தேம்பாவணி, கண்ணதாசன், ஆதிமந்தி, எஸ்தர்

முன்னுரை

விவிலியப் பெண் மாந்தருள் பலர் சில வரிகளில் தோன்றி மறைபவர்கள். தொடக்க நூலின் 34ஆம் அதிகாரம் யாக்கோபின் மகள் தீனாவுக்கு நேர்ந்த கொடுமையையும், அதன்பொருட்டு அவள் உடன்பிறந்தோர் பழிதீர்த்ததையும் விரித்துரைக்கிறது. தீனா அதில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அனிதா டயமண்ட் 1997இல் ‘சிவப்புக் கூடாரம்’ எனப் பொருள்படும் தலைப்பில் எழுதிய ஆங்கிலப் புதினம் தீனாவின் தன்மைக் கூற்றாகவே அமைந்தது. கோம் டோபீன் 2012இல் வெளிவந்த குறும்புதினத்தில் இயேசுவின் தாயைக் கதைசொல்லியாக்கினார். இத்தகைய மறுபுனைவுக்குத் தமிழில் உள்ள அடிப்படைகளையும் அது பேண வேண்டிய வரையறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. காரைக்குடியை அடுத்த சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசனின் (1927–1981) காவியங்கள் இதற்கு மையச் சான்றாகின்றன.

தேம்பாவணியின் முன்னோடித் தன்மை

மத்தேயு, மாற்கு நற்செய்திகளில் மரியாவின் நேர்க்கூற்று ஒன்றுமில்லை. லூக்கா, யோவான் நற்செய்திகளில் அவர் ஒருசில இடங்களிலேயே பேசுகிறார். அவர் கணவர் சூசையின் சொல் எந்த நற்செய்தியிலும் பதிவாகவில்லை. பேசாத இவரையே தலைவராகக் கொண்டு வீரமாமுனிவர் 1726இல் மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்களில் தேம்பாவணியை இயற்றினார்.

நற்செய்தி கூறாதவற்றை விரிக்க அவருக்குத் துணைநின்ற மூலங்களுள் முதன்மையானது, எசுப்பானியத் துறவி ஆகிரெதா மரியா (1602–1665) எழுதிய ‘கடவுளின் மறைநகர்’. மரியாவின் வாழ்வைத் தாம் காட்சியில் கண்டவாறு விவரிக்கும் அந்நூல் 1670இல் அச்சாகி, 1681இல் உரோமையின் தடைக்கும் உள்ளானது. அத்தடை விரைவில் நிறுத்திவைக்கப்பட்டது. விவிலியப் பெண்ணொருத்தியின் வாழ்வைத் தமிழில் விரித்த பெருங்காப்பியத்தின் பின்னணியில் மற்றொரு பெண்ணின் எழுத்து உள்ளது என்பது தனித்து ஆராயத்தக்கது.

கண்ணதாசனின் இரு முறைகள்

ஆதிமந்தி பற்றிய பழஞ்சான்றுகள் மிகச் சில. குறுந்தொகை 31ஆம் பாடல் அவள் பெயரில் உள்ளது. பரணர் அகநானூற்றில் அவளைப் பலமுறை குறிப்பிடுகிறார். சிலப்பதிகார வஞ்சின மாலையில் கண்ணகி எடுத்துரைக்கும் பத்தினிப் பெண்டிருள் அவளும் ஒருத்தி. இச்சான்றுகள் தம்முள் வேறுபடவும் செய்கின்றன. காவிரி கொண்டுசென்ற கணவனைக் கடலே முன்னிறுத்திக் காட்டியதாகச் சிலம்பு கூறுகிறது. மருதி என்னும் பெண் அவனைக் காட்டிக்கொடுத்துத் தான் கடல் புகுந்ததாக அகநானூறு 222 கூறுகிறது. சான்றுகளுக்கிடையே உள்ள இவ்விடைவெளி புனைவுக்கு வாயிலாகிறது. கண்ணதாசனின் ‘ஆட்டனத்தி ஆதிமந்தி’ இக்குறிப்புகளை ஒரு முழு வாழ்வாக்குகிறது. அதாவது, சில வரிகளிலிருந்து ஒரு பெண்ணை மீட்டுருவாக்கும் முறையை அவர் நன்கறிந்தவர்.

அவர் இறுதியாக இயற்றிய ‘இயேசு காவியம்’ இம்முறையிலிருந்து வேறுபடுகிறது. திருச்சிராப்பள்ளிக் கலைக்காவிரி வெளியிட்ட அந்நூல் நற்செய்திகளைத் தழுவியது. இயேசுவையே பாட்டுடைத் தலைவராகக் கொண்டது. எனவே பெண் மாந்தர் தலைவரின் வாழ்வைத் தொடும் இடங்களிலேயே இடம்பெறுகின்றனர். இதனைக் கவிஞரின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. வழிபாட்டிற்குரிய மூலநூலும் காவியத் தலைமை மரபும் இணைந்து விதித்த எல்லை இது. ஆதிமந்திக்குக் கிடைத்த தலைமை மகதலா மரியாவுக்குக் கிடைக்காமைக்குக் காரணம் சான்றின் அளவன்று. சான்றின் தகுதிநிலையே எனலாம்.

இட்டு நிரப்புதலின் தீங்கு

இவ்வெல்லையைக் கடப்பது எப்போதும் பெண்ணுக்கு நன்மை பயப்பதில்லை. நற்செய்திகளின்படி மகதலா மரியா ஏழு பேய்கள் நீங்கப்பெற்றவர். உயிர்த்த இயேசுவை யோவான் நற்செய்தியில் முதலில் கண்டவர். லூக்கா 7ஆம் அதிகாரத்தில் வரும் பெயரற்ற பாவியான பெண்ணும் இவரும் ஒருவரே எனத் திருத்தந்தை பெரிய கிரகோரி 591ஆம் ஆண்டளவில் தம் மறையுரையில் விளக்கினார். அவ்விளக்கம் மேலைக் கலையிலும் இலக்கியத்திலும் நிலைபெற்று, சான்றுபகர்ந்த பெண்ணைப் பாவத்தின் உருவமாக்கியது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1969ஆம் ஆண்டு வழிபாட்டு நாள்காட்டிச் சீர்திருத்தம் இவ்விணைப்பைக் கைவிட்டது. மூலநூலின் மௌனத்தை நிரப்பும் கற்பனை, மூலநூல் அளித்த சொல்லையே பறித்துவிடக்கூடும் என்பதற்கு இது தக்க சான்று.

பெயர்வழி மறுபுனைவு

தற்காலச் சிறுகதை வேறொரு வழியைக் கண்டது. வண்ணநிலவனின் ‘எஸ்தர்’ விவிலியக் காலத்திற்குச் செல்வதில்லை. பஞ்சத்தால் ஊரைவிட்டு வெளியேறும் கிறித்தவக் குடும்பமொன்றில், எஸ்தர் சித்தி மற்றவர்க்காக முடிவெடுக்கிறாள். உடன் அழைத்துச்செல்ல இயலாத பாட்டியின் மரணத்தைக் கதை குறிப்பாலேயே உணர்த்துகிறது. விவிலிய எஸ்தர் தன் உயிரைப் பணயம்வைத்துத் தன் இனத்தைக் காத்தவள். அந்நூலின் எபிரேய வடிவில் கடவுளின் பெயர் இடம்பெறுவதில்லை. காக்கும் பொறுப்பு மனிதப் பெண்மேல் விழும் அந்நிலை, சிறுகதையில் மேலும் கடுமையான அறச்சிக்கலாகிறது. இங்குக் காக்கப்படுவோரும் கைவிடப்படுபவரும் ஒரே குடும்பத்தினர்.

முடிவுரை

காட்சிநூலின் துணையால் விரித்தல், மூலநூலின் எல்லைக்குள் பாடுதல், பெயரை ஏற்றுச் சூழலை மாற்றுதல் என மூவகை அணுகுமுறைகள் இவண் புலப்படுகின்றன. விவிலியக் களத்திலேயே ஒரு பெண்ணைத் தலைமை மாந்தராக்கும் வரலாற்றுப் புனைவுக்குரிய முன்மாதிரியைத் தமிழாய்வு ஆதிமந்தி மரபில் காணலாம். சான்றுகளின் வேறுபாட்டை மறைக்காமல் பயன்கொள்வதும், அப்பெண் ஏற்கெனவே பேசிய சொல்லைக் காப்பதும் அத்தகைய புனைவை மதிப்பிடும் அளவுகோல்களாக அமையும்.