தொட்டியில் அழகு, ஆற்றில் ஆபத்து: ஆப்பிரிக்க வண்ணமீன்களும் புதிய சட்டமும்

புது தில்லி: மஞ்சள், நீலம், ஆரஞ்சு என வண்ணம் காட்டி நீந்தும் ஆப்பிரிக்க சிக்லிட் மீன்கள், பெருநகர வீடுகளின் வரவேற்பறைகளை அலங்கரிக்கின்றன. வளர்ப்போர் பலரும் அறியாத சட்டப் பிரிவு ஒன்று இவற்றோடு தொடர்புடையது.

வனவிலங்குப் பாதுகாப்புத் திருத்த மசோதாவை 2022 ஆகஸ்டில் மக்களவையும், டிசம்பரில் மாநிலங்களவையும் நிறைவேற்றின. 2023 ஏப்ரல் 1-ம் தேதி முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டு வன உயிர்களுக்கு அச்சுறுத்தலாகும் அயல் இனங்களின் இறக்குமதி, வர்த்தகம், வைத்திருத்தல், பெருக்கம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவோ தடை செய்யவோ மத்திய அரசுக்கு இச்சட்டத்தின் 62ஏ பிரிவு அதிகாரம் அளிக்கிறது.

மலாவி, டாங்கனீகா ஏரிகளே இம்மீன்களின் தாயகம். காரத்தன்மை மிகுந்த கடின நீர் இவற்றுக்கு ஏற்றது. ஆண் மீன் தனக்கென ஓர் எல்லை வகுத்து, பிறவற்றை விரட்டும். பல இனங்களில் தாய் மீன் முட்டைகளை வாயில் சுமந்து குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் பெருகி, சண்டை முற்றும்போது இடம் போதாமல், சிலர் அவற்றை ஏரியிலோ கால்வாயிலோ விட்டுவிடுகின்றனர். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தமிழகத்தில் ஜிலேபிக் கெண்டை எனப்படும் திலேப்பியாவும் ஆப்பிரிக்க சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்ததே. உணவுக்காக 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதைப் பரப்புவதற்கு 1959-ல் தடை விதிக்கப்பட்டும் பயனில்லை. இன்று நாடெங்கும் பல ஏரி, குளங்களில் அது நிலைத்துவிட்டது. இந்தியாவுக்கே உரிய சிக்லிட்களோ மூன்று இனங்கள் மட்டுமே. அவற்றுள் ஒன்றான கரிமீன், 2010-ல் கேரளத்தின் மாநில மீனாக அறிவிக்கப்பட்டது.

அயல் மீனால் விளையும் அழிவுக்கு ஆப்பிரிக்காவே சாட்சி. விக்டோரியா ஏரியில் 1950-களில் விடப்பட்ட நைல் பெர்ச் மீன் பெருகியதால், அங்கிருந்த சிக்லிட்களில் நூற்றுக்கணக்கான இனங்கள் மறைந்தன.

தொட்டியில் வளரும் எல்லா சிக்லிட்களும் நம் நீர்நிலைகளில் பிழைத்துப் பெருகிவிடும் என்பதல்ல. ஆனால் எது நிலைக்கும் என்பது, விட்ட பிறகே தெரியவரும். அப்போது திரும்பப் பிடிக்க இயலாது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வேறு ஆர்வலரிடமோ ஒப்படைப்பதே முறை. சட்டம் அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆற்றங்கரையில் பையை அவிழ்ப்பவரின் கை மட்டும் அதன் கண்ணில் படுவதில்லை.