பூனையின் நிணநீர்க் கணுக்கள்

காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் அவரைக் கொட்டையளவில் ஒன்று திரண்டு நோவதைப் பலரும் அறிவர். “நெறி கட்டியிருக்கிறது” என்பது மக்கள் வழக்கு. முன்பே அங்கிருந்த நிணநீர்க் கணு வீங்கித் தென்படுவதே அது. பூனைக்கும் இவ்வமைப்பு உண்டு.

திசுக்களிடையே ஊறும் நீரை நுண்குழாய்கள் வாங்கிச் சென்று, இறுதியில் இதயத்தருகே குருதியிற் சேர்க்கின்றன. இதுவே நிணநீர். வழியிலுள்ள கணுக்கள் அதனை வடிகட்டுகின்றன. அங்குள்ள வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கின்றன. ஒவ்வொரு கணுவும் உடலின் ஒரு பகுதிக்குக் காவலாதலின், வீங்கிய கணுவைக் கண்டால் தீங்கு நேர்ந்த பகுதியை ஊகிக்கலாம்.

நலமுள்ள பூனையில் விரலுக்கு அகப்படுபவை பெரும்பாலும் இரண்டிடத்துக் கணுக்களே. கீழ்த்தாடையின் மூலைக்கருகில் உள்ளவை பல்லையும் ஈறையும் காப்பவை. பின்னங்காலில் முழங்காலின் பின்புறம் உள்ளவை பாதத்தைக் காப்பவை. தாடையைத் தடவிப் பார்ப்போர் ஏமாறுவதும் உண்டு. கணுக்களுக்குச் சற்றுப் பின்னால் அவற்றினும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பி இருக்கிறது. அதனைக் கட்டியென்று எண்ணி வீணே அஞ்சுவர். தோளின் முன்புறம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் உள்ளவை வீங்கினாலன்றி எளிதில் தட்டுப்படா. சண்டையில் கடிபட்டு முன்னங்கால் சீழ்ப்பிடித்த கடுவனுக்குத் தோளின் முன்புறமோ அக்குளிலோ கணு திரளும்.

கைக்கு எட்டாதவையே மிகுதி. மார்பின் நடுவிலும், குடலைத் தாங்கும் சவ்விலும் அவை உள்ளன. 1964ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரெட் குழுவினர், நிணநீர்ப் புற்று கண்ட பூனையில் ஒரு வைரஸைக் கண்டனர். அவ்வைரஸால் வரும் புற்று இளம் பூனைகளின் மார்பினுள் வளர்ந்து மூச்சை முட்டச் செய்யும். 1985இல் அமெரிக்காவில் தடுப்பூசி வந்தது. சோதனையும் ஊசியும் பரவிய நாடுகளில் மார்புப் புற்று அருகியது; இன்று முதிய பூனைகளுக்குக் குடலில் வருவதே மிகுதி.

நாய்க்கு இப்புற்று வந்தால் பெரும்பாலும் புறக்கணுக்கள் யாவும் வீங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். பூனையில் அங்ஙனம் நேர்வது குறைவு. கழுத்தில் கட்டியில்லை என்று உடையவர் மனந்தேறியிருக்க, உண்பது குறைந்து, வாந்தியெடுத்து, உடல் மெலிந்துகொண்டே வரும். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தும், ஒலியலைக் கருவியால் நோக்கியும் உட்கணுக்களை ஆராய்வார். வீக்கம் ஒன்றே புண்ணையும் புற்றையும் பிரித்துக் காட்டாது. மெல்லிய ஊசியால் அணுக்களை எடுத்து நுண்பெருக்கியில் பார்த்தல் வேண்டும்.