விடியலில் காது கொடுங்கள்

பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த பைனாகுலர் வாங்கலாம் என்றுதான். பங்குனி தொடங்கி வைகாசி முடியும்வரை அது தேவையே இல்லை என்பேன். மாமரமும் வேம்பும் தழைத்துக் கிடக்கும் அந்த மாதங்களில் பறவை கண்ணுக்குச் சிக்காது. குரலோ விடிவதற்கு முன்பே வாசலுக்கு வந்துவிடும். காற்று அடங்கி, தெருவில் வண்டிச் சத்தம் எழும்பாத அந்த நேரத்தில் மொட்டைமாடியிலோ கிணற்றடியிலோ அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் போதும்.

குயிலில் தொடங்குங்கள். 'கூ... ஊ' என்று ஒவ்வொரு முறையும் சற்று மேலே ஏறிக்கொண்டே போவது ஆண் குயில். கரிய உடல், சிவந்த கண். உடலெங்கும் வெள்ளைப் புள்ளி தெளித்த பழுப்பு நிறப் பெண் குயில் இப்படிப் பாடாது. 'கிக்-கிக்-கிக்' என்று படபடவெனக் கத்தும். இந்த இரண்டு குரலையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால், காக்கைக் கூட்டைச் சுற்றி நடப்பது புரிய ஆரம்பிக்கும். ஆண் குயிலைக் காக்கைகள் விரட்டிக்கொண்டு போகும் நேரத்தில் பெண் குயில் கூட்டுக்குள் முட்டையிட்டுவிடுவது உண்டு.

இன்னொரு குரலும் இப்படியே ஏறும். அது அக்காக்குயில். குயிலின் கூவலில் இரண்டு அசை; இதில் மூன்று. உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று அறுந்து, மறுபடி கீழிருந்து தொடங்கும். இது முட்டையிடுவது தவிட்டுக்குருவிகளின் கூட்டில்.

குயிலை முதலில் பழகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காக்கையின் கரைதலை மட்டுமே கேட்டு வளர்ந்த குயில் குஞ்சு, பெரிதானதும் பிசகாமல் குயிலாகவே கூவுகிறது. அந்தக் குரல் பிறவியிலேயே வருவது. அதனால் மதுரையில் கேட்டாலும் தஞ்சாவூரில் கேட்டாலும் அடையாளம் மாறாது. குண்டுக்கரிச்சான் போன்ற பாடும் பறவைகள் வேறு வகை. அவை இளமையில் மூத்த பறவைகளைக் கேட்டுத்தான் பாடக் கற்கின்றன. ஆகவே ஒவ்வொரு பறவையின் பாட்டிலும் சற்று வித்தியாசம் இருக்கும். மாறாத குரல்களில் காதைத் தீட்டிக்கொண்டு, மாறும் குரல்களுக்குப் பிறகு போவதே நல்ல வழி.

மாறாத குரல்களில் எனக்கு மிகப் பிடித்தது செம்மார்புக் குக்குறுவான். தட்டான் பட்டறையில் சிறு சுத்தியல் விழுவதுபோல 'டுக்... டுக்... டுக்...' என்று ஒரே சுருதியில், நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் ஒலிக்கும். நல்ல வெயிலிலும் நிறுத்தாது. எங்கிருந்து வருகிறது என்று தேடினால் திசை குழம்பும்; கூவும்போதே தலையை இப்படியும் அப்படியும் திருப்புவதால் அப்படி. அலகை மூடியபடிதான் கூவும். தொண்டை மட்டும் புடைத்து அடங்கும். இலைக்குள் தேடாமல் மரத்தின் உச்சியில் துருத்தி நிற்கும் மொட்டைக் கிளையைப் பாருங்கள். பச்சை உடல், சிவந்த நெற்றி, மார்பில் சிவப்புப் பட்டை, கண்ணைச் சுற்றி மஞ்சள். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பட்டுப்போன கிளையைக் குடைந்துதான் அது கூடு அமைக்கும். முருங்கையில் காய்ந்த கிளை ஒன்று நின்றால், வீட்டுக்கோ ஆளுக்கோ ஆபத்து இல்லாதவரை, தயவுசெய்து வெட்டாமல் விடுங்கள்.

செம்பருத்திப் புதரிலிருந்து 'ட்டுவிட் ட்டுவிட்' என்று காதைத் துளைக்கும் சத்தம் வந்தால் பெரிய பறவையைத் தேட வேண்டாம். அது கட்டைவிரல் பருமனே உள்ள தையல்சிட்டு. பத்து கிராம்கூடத் தேறாத உடம்பு. கூவும்போது கழுத்தின் பக்கத்தில் கறுப்புத் திட்டு தெரியும்.

இனி குண்டுக்கரிச்சான். மற்ற மாதங்களில் வேலியோரம் கரகரத்துக்கொண்டிருக்கும் இந்தக் கறுப்பு வெள்ளைப் பறவையை யாரும் கவனிப்பதில்லை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரம் அளவுக்குத்தான் வேறுபாடு. ஆனாலும் பகல் நீளத் தொடங்கியதும் அதன் உடலில் சுரப்புகள் மாறி, இனப்பெருக்கக் காலத்துக்கான பாட்டு எழுகிறது. கிழக்கு வெளுக்குமுன் மின்கம்பத்தின் உச்சியில் ஏறி, வாலைத் தூக்கிப் பாடுகிற ஆண் அது. நடுநடுவே மற்றப் பறவைகளின் குரலையும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே மெட்டை மனப்பாடம் செய்து பயனில்லை. தெளிவான சீழ்க்கை, ஒரு சிறு நிறுத்தம், மறுபடி வேறொரு சீழ்க்கை என்ற அந்த நடையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பாட்டு அல்லாத சத்தங்களுக்கும் பொருள் உண்டு. தவிட்டுக்குருவிகளும் சின்னான்களும் அணிலும் ஒரே புதரைப் பார்த்துக் கத்தினால் அங்கே பூனையோ பாம்போ இருக்கும். சட்டென்று வெடிக்கும் அந்தக் கரகரப்பான ஒலி, கேட்பவை இடம் தெரிந்து வந்து கூடுவதற்கானது. வானத்தில் வல்லூறு தெரிந்தால் பல சிறு பறவைகள் எழுப்பும் எச்சரிக்கை இதற்கு நேர்மாறு. மெலிந்து, உயர்ந்து, இழுபட்டு ஒலிக்கும். எங்கிருந்து வருகிறதென்று பிடிபடாது. கத்திய பறவைக்கு அதுவே காப்பு.

இப்போது கைபேசியே பெயர் சொல்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலியில் குரலை வைத்து அடையாளம் காட்டும் வசதி 2021இல் வந்தது. நல்ல துணைதான். நீங்களே ஒரு பெயரை ஊகித்துவிட்டு அதன் பிறகு திரையைப் பாருங்கள். அப்போதுதான் காது பழகும். பல குரல்கள் கலக்கும்போது அது தவறாகவும் சொல்லும் என்பதால் கண்ணாலும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். பறவையை வெளியே வரவழைக்க, பதிவு செய்த குரலை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். இந்த மாதங்களில் அதைக் கேட்கும் ஆண் பறவை, தன் எல்லைக்குள் போட்டிக்காரன் நுழைந்துவிட்டான் என்று நம்பி, இல்லாத எதிரியைத் தேடி அலையும். குஞ்சுக்கு இரை கொண்டுபோக வேண்டிய நேரம் அதில் போகும். படம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. அது மறுபடி தானாகப் பாடும்வரை காத்திருங்கள்.