சொந்த ஊரில் தோற்ற அண்ணா!
1962-ல் காஞ்சிபுரம் போட்ட ஓட்டு

அண்ணா காஞ்சிபுரத்து மண்ணில் பிறந்தவர். நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. படிப்பு நடுவில் நின்றபோது இதே ஊர் நகராட்சி ஆபீசில் கொஞ்ச காலம் கிளார்க் வேலை பார்த்தவர். அப்படிப்பட்டவரைக் காஞ்சிபுரமே தோற்கடித்தது! 1962 பிப்ரவரியில் நடந்த பொதுத் தேர்தல் அது.

ஜெயித்தவர் காங்கிரஸ் வேட்பாளர் எஸ்.வி. நடேச முதலியார். பஸ் முதலாளி. ஓட்டு வித்தியாசம் சுமார் 9 ஆயிரம்.

15 பேருக்குக் குறி

1957-ல்தான் தி.மு.க. முதல் தடவையாகச் சட்டசபைத் தேர்தலில் இறங்கியது. 15 பேர் ஜெயித்தார்கள். காஞ்சிபுரத்தில் அண்ணா, குளித்தலையில் கருணாநிதி. அடுத்த தேர்தலில் இந்த 15 பேரில் ஒருவரும் திரும்பி வரக்கூடாது என்று முதல்-மந்திரி காமராஜர் கங்கணம் கட்டிக்கொண்டார். தொகுதி தொகுதியாக ஆள் பார்த்து நிறுத்தினார். கணக்கு அநேகமாகப் பலித்தது. 14 பேர் அவுட்! தப்பியவர் தஞ்சாவூருக்குத் தொகுதி மாறிய கருணாநிதி ஒருவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், 15 இடம் வைத்திருந்த கட்சி அதே தேர்தலில் 50 இடம் பிடித்தது. தொண்டர்கள் சபைக்கு உள்ளே, தலைவர் வெளியே! எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில் நெடுஞ்செழியன் உட்கார்ந்தார்.

பெட்டி மாறியது

அந்தத் தேர்தலில் இன்னொரு மாற்றமும் வந்தது. 1957 வரை ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி. பெட்டி மேல் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டில் பேரும் இல்லை, சின்னமும் இல்லை. மறைவுக்குள் போய், பிடித்த பெட்டியில் போட வேண்டும். உள்ளே போன ஆள் போட்டாரா, மடியில் செருகிக்கொண்டு வந்தாரா, யாருக்குத் தெரியும்? வெளியே வந்த சீட்டுக்கு விலை உண்டு. வாங்கியவன் நாலைந்தைச் சேர்த்து, தன் ஆளிடம் கொடுத்து மொத்தமாகப் போடச் சொல்லலாம்.

1962-ல் இந்த வேலைக்குப் பூட்டுப் போட்டார்கள். ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும். முத்திரை குத்தி, மடித்து, அதிகாரிகள் கண் முன்னால் ஒரே பெட்டியில் போட வேண்டும். சீட்டு வெளியே வருவது கஷ்டம். ஆனால் பணம் கொடுப்பவனுக்குப் புதுத் தலைவலி. கை நீட்டி வாங்கியவன் எந்தச் சின்னத்தில் குத்தினான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாமி படத்தின் மேல் சத்தியம்?

காஞ்சிபுரத்தில் பணம் புகுந்து விளையாடியது என்பது தி.மு.க.வினர் பல வருஷம் மேடையில் சொன்ன புகார். ஓட்டுக்கு 5 ரூபாய், வெங்கடாசலபதி படத்தின் மேல் சத்தியம் என்று விவரமாகவே சொன்னார்கள். தோற்றவர்கள் சொல்வது என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் சத்தியம் என்ற சங்கதி பொருந்தி வருகிறது. பெட்டி ரகசியம் காத்தால், சாமிதானே சாட்சி? அதுவும் தெருவுக்குத் தெரு கோயில் இருக்கிற காஞ்சிபுரத்தில், சாமி பேரில் கொடுத்த வாக்கை மீற யாருக்கும் மனசு வராது.

இங்கே கூலிக்கு நெய்பவர் நிலைமையும் தெரிந்ததுதான். பட்டு முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது. வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறு இடம் போக முடியாது. மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு போட முடியாது, வேலை நின்றுபோகும். அந்த வீட்டில் 5 ரூபாய் என்பது சின்னக் காசு அல்ல. 1953 ஜனவரியில் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தானே சுமந்து விற்றவர் அண்ணா. அவருக்கு நெசவாளர் நிறைந்த ஊரில் இந்த அடி விழுந்தது என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

விருதுநகரில் திரும்பி வந்தது

தோற்ற அண்ணா அதே 1962-ல் ராஜ்ய சபைக்குப் போனார். டெல்லியே திரும்பிப் பார்த்தது. 1967 தேர்தலில் காற்று மாறியது. அப்போது விருதுநகரில், சொந்த ஊரில், காமராஜர் தோற்றார். தோற்கடித்தவர் மாணவர் தலைவர் பெ.சீனிவாசன். ஐந்தே வருஷத்தில் அதே அடி, வேறு ஊரில்!

அந்தத் தேர்தலில் அண்ணா காஞ்சிபுரம் பக்கம் நிற்கவில்லை. தென்சென்னையில் பார்லிமெண்டுக்கு நின்று ஜெயித்தார். 1967 மார்ச் 6-ந் தேதி முதல்-மந்திரி ஆனார். எம்.பி. பதவியை விட்டுவிட்டு மேல்-சபை உறுப்பினராகவே ஆட்சி நடத்தினார். 1969 பிப்ரவரி 3-ந் தேதி காலமானார்.

காஞ்சிபுரத்தில் அவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. இந்த ஊரின் எம்.எல்.ஏ.வாக அவர் சட்டசபையில் உட்கார்ந்தது 1957 முதல் 1962 வரை, அந்த ஒரே தடவைதான்.