காக்காவுக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம்?



போன மாதம் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி கீழே விழுந்து கை கால் இழுத்துக்கிட்டதை எல்லாரும் பார்த்தோம். ரெண்டு நாள் கழிச்சு அவள் பள்ளிக்கு வந்தப்ப பின்னாலிருந்து யாரோ "கா... கா..."ன்னு கத்தினாங்க. யார்னு நான் எழுதப் போறதில்லை. ஆனா எனக்கு அழுகை வந்துடுச்சு. ஏன்னா எனக்கும் வலிப்பு நோய் இருக்கு. ஆறாம் வகுப்பிலிருந்து மாத்திரை சாப்பிடுறேன். இதுவரைக்கும் எங்க வகுப்பில் ரெண்டு பேருக்குத்தான் தெரியும். இப்ப சுவரிலேயே ஒட்டியாச்சு. (அந்தத் தங்கையும் அவங்க அம்மாவும் சரின்னு சொன்ன பிறகுதான் அவளைப் பற்றி எழுதுறேன்.)

முதலில் காக்கா. கால் கை வலிப்பு என்பதுதான் பேச்சில் மருவி காக்காய் வலிப்பு ஆயிடுச்சுன்னு தமிழ் ஐயா சொன்னார். அந்தப் பறவைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காத்து கருப்புக்கும் கிடையாது. நம் மூளையில் இருக்கும் செல்கள் சின்னச் சின்ன மின்சார சைகையால்தான் ஒன்றோடு ஒன்று பேசுகின்றன. சில நேரம் நிறைய செல்கள் ஒரே சமயத்தில் தாறுமாறாகச் சைகை அனுப்பிவிடும். அப்போது வருவதுதான் வலிப்பு. சிலர் விழாமல், கூப்பிட்டால் பதில் சொல்லாமல் சில நொடி வெறித்துப் பார்ப்பார்கள். அதுவும் வலிப்புதான். இது தொற்று நோய் அல்ல. ஒரே ஒரு தடவை வந்தாலே வலிப்பு நோய்னு சொல்லிவிட மாட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்குக் காய்ச்சலில்கூட வரும். தங்கைக்கு முன்னாடியே வீட்டில் வந்திருக்காம், அதனால் டாக்டர் மாத்திரை ஆரம்பிச்சிருக்கார்.

அவளிடம் என்ன பேசுறதுன்னு எனக்கு முதலில் தெரியல. அப்போதான் எழும்பூர் ஞாபகம் வந்தது. நானும் அம்மாவும் தாம்பரத்தில் ரயில் ஏறி எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாள், பெஞ்சில் பக்கத்தில் ஒரு அக்கா இருந்தாங்க. என்னைவிட ஒரு வயசுதான் பெரியவங்க. "பயப்படாதே"ன்னு அவங்க சொல்லவே இல்லை. "எனக்கு ஏழு வயசுலேர்ந்து இருக்கு. கோ-கோ டீம்ல இருக்கேன்"னு சொல்லிட்டு முறுக்கு கொடுத்தாங்க. அதுவரைக்கும் உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். வீட்டில் எல்லாரும் ஆயிரம் ஆறுதல் சொன்னாங்க, ஆனா அந்த முறுக்குக்கு அப்புறம்தான் எனக்குப் பசியே எடுத்தது.

அதனால் நானும் தங்கையிடம் என் கதையைத்தான் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "ஈ.ஈ.ஜி. எடுக்கணுமாம். தலையில கரண்டு வைப்பாங்களாக்கா?" வைக்க மாட்டாங்க! அந்த மெஷின் நம் மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்யுமே தவிர நமக்குக் கரண்டு கொடுக்காது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் 1924-ல் முதன்முதலாக மனித மூளையில் இதைப் பதிவு செய்தார். தலைக்குக் குளிச்சுட்டு எண்ணெய் தடவாமப் போகணும். வலிக்காது. ஆனா ஒயரை ஒட்டுற பசை முடியிலிருந்து போக எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. இதை மட்டும் எனக்கு யாரும் முன்னாடியே சொல்லல!

மாத்திரை பற்றியும் சொன்னேன். போன தீபாவளிக்கு ராத்திரி முழிச்சிருந்து மாத்திரையையும் மறந்தேன், மறுநாள் வந்துடுச்சு. நல்லா இருக்கோம்னு நாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தலாமான்னு டாக்டர்தான் பார்த்துச் சொல்லுவார். சரியான சிகிச்சை எடுத்தால் 100-ல் 70 பேர் வரைக்கும் வலிப்பே வராமல் வாழ முடியும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உலகத்தில் சுமார் 5 கோடி பேருக்கு இது இருக்கு. கிரிக்கெட்டில் பாய்ந்து பாய்ந்து பந்து பிடிப்பாரே ஜான்டி ரோட்ஸ், அவருக்கும்தான். கனடாவில் கேசிடி மேகன் என்ற ஒன்பது வயதுப் பெண் 2008-ல் மார்ச் 26-ஐ 'ஊதா நாள்' ஆக்கினாள், வலிப்பு உள்ள யாரும் தனியாள் இல்லை என்று சொல்ல. நாமும் அன்னைக்கு ஊதா ரிப்பன் கட்டலாமான்னு ஹெச்.எம். டீச்சரிடம் கேட்கணும்.

"வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்"னு எங்க பாட்டி சொல்லும். முன்பு இந்து திருமணச் சட்டத்திலேயே திருமணத்துக்குத் தடையான நோய்களில் இதுவும் இருந்ததாம். 1999-ல் அதை எடுத்துட்டாங்க. பாட்டிக்கு அது இன்னும் தெரியல.

யாருக்காவது வலிப்பு வந்தால் கூட்டம் போடாதீங்க. கொத்துச் சாவியைக் கையில் திணிக்காதீங்க, அதனால் வலிப்பு நிற்காது. வாயில் எதுவும் வைக்கக் கூடாது, தண்ணீரும்தான். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். தலைக்குக் கீழே மடித்த தாவணியோ பையோ வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்க. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டினாலோ, நினைவு வராமலே திரும்ப வந்தாலோ 108-க்குப் போன் செய்யணும். முழிச்சதும் "என்ன ஆச்சு"ன்னு ஆளாளுக்குக் கேட்காதீங்க. எங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது, வெட்கமாத்தான் இருக்கும். பாவாடையைச் சரி பண்ணி விட்டு ஒருத்தர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும்.

தங்கை இப்போ தினமும் என்கூடத்தான் சாப்பிடுறாள். வேற யாருக்காவது இது இருந்தாலும், வீட்டில் யாருக்காவது இருந்தாலும், சத்துணவு மணி அடிச்சதும் வாங்க. பம்புக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நாங்க ரெண்டு பேரும் இருப்போம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி