பணமும் அதிகாரமும் நிறுவனமாதல்: மயிலாப்பூர், கோபாலபுரம் சான்றுகள்

பணத்தையும் அதிகாரத்தையும் சமூக அமைப்பை இயக்கும் ஊடகங்களாகக் கண்டவர் அமெரிக்கச் சமூகவியலர் டால்காட் பார்சன்ஸ். அக்கருத்தை ஏற்றுத் திருத்திய யூர்கன் ஹாபர்மாஸ், இவை சட்டத்தில் வேரூன்றினால்தான் நிலைபெறும் என்றார். பணம் சொத்துரிமை, ஒப்பந்தம் ஆகியவற்றாலும் அதிகாரம் பதவிகளின் அமைப்பாலும் நிறுவனமாகின்றன என்பது அவர் விளக்கம். இவ்விரண்டும் ஒரே உறுதியுடன் நிறுவனமாவதில்லை என்பதற்குச் சென்னையின் இரு அண்டைப் பகுதிகள் சான்று தருகின்றன.

1906 அக்டோபரில் சென்னையின் ஆர்பத்நாட் நிறுவனம் நொடித்தது. அது பங்குதாரர் சிலரின் கூட்டு வணிகம். வைப்பாளர்கள் நம்பியது அந்தக் குடும்பப் பெயரையே. பெயர் சரிந்ததும் ஓய்வூதியர், சிறு சேமிப்பாளர் ஆகியோரின் பணமும் சரிந்தது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். ஆயினும் கடன்களைக் கணக்கிட்டு, எஞ்சிய சொத்தைப் பங்கிடும் நடைமுறை நொடிப்புச் சட்டத்தில் இருந்தது.

மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்நிற்க, நாட்டுக்கோட்டை நகரத்தாரின் முதலீட்டுத் துணையுடன் 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவாயிற்று. ஆகஸ்டு 15இல் செயற்படத் தொடங்கியது. நம்பிக்கை ஒரு குடும்பப் பெயரிலிருந்து பங்கு, இயக்குநர் குழு, வரையறுத்த பொறுப்பு என்னும் சட்ட வடிவங்களுக்கு இடம்பெயர்ந்தது. ஆனால் தொடக்கப் பங்குகளை விற்றுத் தந்தவை சட்ட விதிகள் அல்ல; வழக்கறிஞர் வட்டத்தின் நட்பும் வணிகச் சமூகத்தின் உறவும்தான். பழைய உறவின் தோளில் ஏறியே புதிய வடிவம் வந்தது. 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது இதன் உரிமையும் அரசுக்கு மாறியது. வங்கியோ தடையின்றி இயங்கிற்று.

அதே ஆண்டு பிப்ரவரியில், அண்ணாவின் மறைவையடுத்து மு. கருணாநிதி முதலமைச்சரானார். பதவியேற்ற பின்னும் அவர் கோபாலபுரம் வீட்டிலேயே வாழ்ந்தார். 1976 ஜனவரி 31இல் அவரது ஆட்சி கலைக்கப்பட்டது. 1977, 1980, 1984 தேர்தல்களிலும் தி.மு.க. வெல்லவில்லை. பதவியே அதிகாரத்தின் இருப்பிடம் எனின், அந்த 13 ஆண்டுகளில் கோபாலபுரம் வெறும் குடியிருப்பாகியிருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. கட்சியினர் முடிவு நாடி வந்த இடம் அதுவே. ஆட்சிப் பதவிக்குப் புறம்பே, மாவட்டம், ஒன்றியம், கிளை எனப் பரந்த கட்சியமைப்பு அதிகாரத்தைச் சேமித்து வைத்திருந்தது. பதவியை மட்டும் நோக்கும் ஹாபர்மாஸின் விளக்கம் இவ்விடத்தில் போதாது.

எனினும் இச்சேமிப்பு வங்கிக் கணக்கைப் போன்றதன்று. அதற்கு அளவில்லை, தொண்டர்களின் ஏற்பை நாள்தோறும் புதுப்பித்தாக வேண்டும். அதனால் கைமாறும்போதுதான் சிக்கல் தோன்றுகிறது. 2010இல் கருணாநிதி தம் வீட்டை, தமக்கும் தம் துணைவிக்கும் பின் ஏழைகளுக்கான மருத்துவமனையாகுமாறு அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தார். வீட்டிற்குப் பத்திரம் போதுமானதாயிற்று. தலைமைக்கு அத்தகைய பத்திரம் இல்லை. அவர் மறைந்த மாதமாகிய 2018 ஆகஸ்டிலேயே பொதுக்குழு அவர் மகன் மு.க. ஸ்டாலினைப் போட்டியின்றித் தலைவராகத் தேர்ந்தது. விதிமுறையும் குடும்ப உறவும் ஒருவரிடத்தே சந்தித்தன. 1907இன் பங்கு விற்பனையைப் போலவே இங்கும் விதி எவ்வளவு, உறவு எவ்வளவு எனப் பிரித்தறிவது எளிதன்று.